அப்பா சிகரெட்டை விட்டதும் முனி வந்ததும்

நம் தோட்டத்துப் பள்ளியில் என்னோடு ஒரே பலகையில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தவர்களே, இன்றைக்கு முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டும் மாத்திரை டப்பாவில் கிழமை பார்த்துக்கொண்டும் இருக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முனி மரத்தடியில் என் அப்பாவுக்குச் சாமி வந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தவர்கள். காணாமல் போன கோழிக்கும், கல்யாணம் ஆகாத அக்காவுக்கும் உங்கள் வீட்டிலிருந்தே அவரிடம் வாக்குக் கேட்க வந்தார்கள். அந்தக் கதையின் மீதியை இத்தனை வருசம் வெளியில் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது சொல்ல ஒரு காரணம் வாய்த்திருக்கிறது.

ஈப்போவில் இருக்கிற என் மகன் ஒரு நாள் காலையிலேயே போன் செய்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிகரெட் குடிக்கிறவன். எத்தனையோ முறை விட்டேன் விட்டேன் என்று சொல்லி என்னை ஏமாற்றியவன், இந்த முறை நிஜமாகவே விட்டிருந்தான். குரலைக் கேட்டாலே அழுதுவிடுவான் போல இருந்தது.

"அம்மா, கை நடுங்குது. ஏர்கோன்ல உக்காந்தும் வேர்க்குது. தூக்கமே இல்ல. ஆபிஸ்ல ஒருத்தன் பேனா கேட்டான் லா, அவன அடிச்சிருவேன் போல இருந்துச்சு. எனக்கு என்னமோ ஆயிருச்சும்மா."

பெற்றவள் பதறியிருக்க வேண்டும். நான் சிரித்துவிட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒண்ணும் ஆகலப்பா. ஒன் தாத்தாவுக்கும் இதேதான் வந்துச்சு. நாங்க அதுக்கு வேற பேரு வச்சிருந்தோம்," என்றேன்.

அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். அவனுக்குச் சொல்லும்போது பாதியில் "அம்மா, சும்மா கதை விடாத" என்றான். நீங்கள் அப்படிச் சொல்ல முடியாது, நீங்கள் சாட்சி.

வருசக் கடைசி மழை உங்களுக்கு நினைவிருக்கும். காலையில் பெரட்டுக்குப் பேர் கூப்பிடும்போது கங்காணியின் குரல்தான் வரும், ஆள் தெரியாது. பனி லயத்து வரிசை வீடுகளுக்குள்ளேயே வந்து அடுப்பைச் சுற்றிக்கொண்டு நிற்கும். துவைத்துப் போட்ட பாவாடை ஒரு வாரம் ஆனாலும் காயாது. அந்தக் குளிரில் ஆண்கள் எல்லாருக்கும் கையில் ஒரு நெருப்பு வேண்டியிருந்தது. சிகரெட் குடித்தால் சளி கரையும், நெஞ்சு சூடாக இருக்கும் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினார்கள்.

அப்பா கவாத்து வெட்டுகிறவர். முற்றிப்போன தேயிலைச் செடியை முட்டியளவுக்கு வெட்டிவிட்டால்தான் மறுபடி துளிர்க்கும். நாளெல்லாம் குனிந்து வெட்டிவிட்டு வருவார். ஈரக் கம்பளிச் சட்டை, செடியின் பச்சை வாடை, அதற்கு மேல் சிகரெட். எனக்கு அதுதான் அப்பாவின் வாசனை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்ல இப்போதும் கூச்சமில்லை. கடைக்கார நானாவிடம் உதிரிச் சிகரெட் வாங்கி வருவது என் வேலை. நானா ஒரு பழைய செய்தித்தாள் துண்டில் சுருட்டித் தருவார். மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்து ஓடி வருவேன். வீட்டில் அவற்றை அடுக்கி வைக்க அப்பாவிடம் ஒரு வட்டத் தகர டின் இருந்தது. மூடியில் பாய்மரக் கப்பல் ஒன்று, பாதி தேய்ந்து, பனிக்குள் போகிற மாதிரி இருக்கும்.

மேல் மலைக்குப் போகிற லோரி ரோட்டு வளைவில் முனி மரம் இருந்தது. அடியில் ஒரு கல், பக்கத்தில் ஒரு சூலம். கவாத்துக்குப் போகிறவர்கள் யாரும் முனிக்குப் புகை வைக்காமல் அந்த வளைவைத் தாண்டமாட்டார்கள். சிகரெட்டைப் பற்ற வைக்க ஓர் இழுப்பு மனிதனுக்கு, மீதி முழுக்க முனிக்கு. கல்லின் மேல் வரிசையாகப் புகைந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தச் சாம்பலை மிதிக்காமல் நாம் தாண்டித் தாண்டி நடந்தோமே, ஞாபகம் இருக்கிறதா?

அந்த வருசம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியப்பா செத்துப்போனார். உறவில்லை, வாய் நிறையக் கூப்பிட்ட பெரியப்பா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். அவருடைய இருமலைக் கேட்டுக்கொண்டேதான் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், வாய்ப்பாடு படித்தேன். ஒரு காலையில் அந்தச் சத்தம் இல்லை. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்திச் சுவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து அப்பா இரும ஆரம்பித்தார். அம்மா அவரை இழுத்துக்கொண்டு தோட்டத்து மருந்துக் கொட்டகைக்குப் போனாள், நானும் போனேன். டிரஸர்தான் அங்கே எல்லா நோய்க்கும் டாக்டர். குழாயை வைத்துக் கேட்டார்.

"அண்ணே, உள்ள கொறட்ட விடுற மாதிரி கேக்குது. சிகரெட்டு ரோக்கோவெல்லாம் விட்டுருங்க. இல்ல, பக்கத்து வீட்டுக்காரர் போன வழிதான்."

சொன்னவரின் சட்டைப் பையிலும் ஒரு பாக்கெட் தெரிந்தது. அதற்காக அவர் சொன்னது பொய்யாகிவிடுமா?

"இதென்ன பெரிய விசயமா? நெனச்சா இன்னைக்கே விட்டுருவேன்," என்றார் அப்பா. வீட்டுக்கு வந்ததும் டின்னில் இருந்ததை அடுப்பில் கொட்டினார். காலி டின்னை என்னிடம் கொடுத்து, "இந்தா பாப்பா, வளையல் போட்டு வச்சுக்க," என்றார். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

முதல் நாள் எங்கள் வீட்டில் ஒரே சிரிப்பு. அடுத்த நாள் அப்பா பேசவில்லை. அதற்கடுத்த நாள் ரசத்தில் உப்பில்லை என்று தட்டைத் தூக்கி வெளியில் எறிந்தார். வாழ்நாளில் சோற்றுத் தட்டை எறிந்தவரில்லை அவர். எறிந்துவிட்டு, தட்டை அவரே போய் எடுத்து வந்து கழுவி வைத்தார், கை நடுங்கிற்று. விடிவதற்குள் எழுந்து முட்டைக்கோசுப் பாத்தியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பனி கொட்டுகிறது, அவர் கழுத்தில் வேர்வை ஓடுகிறது. நம் மலையில் அந்த மாதத்தில் வேர்த்த மனிதரை யாராவது கண்டதுண்டா?

அவரோடு கவாத்து வெட்டுகிற மாமாதான் காரணத்தைக் கண்டுபிடித்தார். "மச்சான் சிகரெட்ட விட்டதுலருந்து முனிக்குப் பொக வைக்கல. வெறுங்கையோட வளைவத் தாண்டிப் போறாரு, வாராரு. முனி சும்மா வுடுமா?"

கேட்டவர்களுக்கு முடி சிலிர்த்துக்கொண்டது. எனக்கும்தான். சிகரெட்டை விட்டதால் முனிக்குக் கோபம், முனி அடித்ததால் கை நடுங்குகிறது. இதில் ஒரு ஓட்டையை நீங்கள் யாராவது அன்று பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை. அப்பாவே பார்க்கவில்லை. அவர் பயந்துபோய் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மரத்தடிக்குக் கூட்டிப்போனார்கள். வாரத்தில் மற்ற நாளெல்லாம் தேயிலை லோரி ஓட்டுகிற நம் பூசாரி உடுக்கை அடித்தார். அப்பாவின் உடம்பு ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருந்தது, உடுக்கைச் சத்தத்தில் இன்னும் ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு வந்திருக்கறது? என்ன வேணும்? கேளு!" என்றார் பூசாரி.

அப்பா வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. "சுருட்டு!"

உங்கள் அம்மாக்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். பெரிய சுருட்டாகப் பற்ற வைத்துக் கொடுத்தார் பூசாரி. அப்பா இழுத்த இழுப்பில் அதன் முனை அடுப்புத் தணலாய்ச் சிவந்தது. இழுத்து, உள்ளே வைத்திருந்து, விட்டார். தோள் இறங்கியது. நடுக்கம் நின்றது. முகத்தில் அப்படியொரு தெளிவு. இதைவிட ஒரு சாட்சி யாருக்கு வேண்டும்? சாமிதான் என்று தோட்டமே கும்பிட்டது. ஆபிசில் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டம்மாகூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் வாக்கு. கோழி எங்கே, மாட்டுக்கு என்ன நோய், பையனுக்குப் பேக்டரியில் வேலை கிடைக்குமா. சுருட்டு குவிந்தது. பாதி வாக்கு பலித்தது, மீதியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் மரியாதை கூடியது. பம்பரம் விளையாட என்னையும் சேர்த்துக்கொண்டீர்கள், சாமி மகள் என்று பயந்து.

ஆனால் முனியின் வருகையில் ஒரு மாற்றம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் வந்தவர் செவ்வாய்க்கிழமையும் வர ஆரம்பித்தார். பிறகு கிழமை பார்க்கவில்லை. காலையில் பெரட்டு முடிந்த கையோடு ஒரு முறை, சாயங்காலம் தேத்தண்ணி குடித்ததும் ஒரு முறை. சாமி வருவதும் சுருட்டு கேட்பதும் மலையேறுவதும் பல் விளக்குவதைப் போல ஆகிவிட்டது. மற்ற வேளையில் அப்பா சிகரெட்டைத் தொடவில்லை. அதை விட்டுவிட்டதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இருமல் மட்டும் விடவில்லை. சுருட்டுப் புகை சிகரெட்டைவிடக் காட்டம். கைகூப்பி நின்ற கூட்டத்துக்கு அது சாமியின் கனைப்பாகக் கேட்டது. அம்மாவுக்கு அப்படிக் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் அடுப்படியில் எனக்குத் தலை துவட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "கை நடுங்குனா சாமி வருது. பொக உள்ள போனா சாமி போவுது. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." துண்டை உதறி மறுபடி என் தலையில் சுற்றினாள். "அந்தப் பெரியப்பா வீட்டுச் சத்தம் இருக்கே பாப்பா, அது செவுத்தத் தாண்டி இந்தப் பக்கம் வந்துருச்சு."

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அன்றிலிருந்து அப்பா தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அம்மா என்ன செய்ய முடியும்? இது சாமி இல்லை என்று சொன்னால் லயமே அவளைத் தின்றுவிடும். அது மட்டுமில்லை, அவளுக்கும் முனி மேல் பக்தி உண்டு. இல்லை என்று சொல்ல அவளுக்கே வாய் வராது. அதனால் அவள் வேறொன்று செய்தாள். நீங்கள் எல்லாரும் பார்த்தது அதைத்தான், ஆனால் அவள் ஏன் செய்தாள் என்பது உங்களுக்குத் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை. மழை விட்டு, கீழே பேக்டரியிலிருந்து தேயிலை வறுபடுகிற வாசனை மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. அப்பா ஆட ஆரம்பித்தார். பூசாரி சுருட்டைப் பற்ற வைத்து நீட்டினார். அப்பாவின் கை வருவதற்குள் அம்மாவின் கை வந்துவிட்டது. சுருட்டைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

குலவைக்கு வாயெடுத்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

"ஏம்மா, என்னா செய்யற? சாமி பொக குடிக்காம வாக்கு சொல்லாது. தள்ளு," என்றார் பூசாரி.

"நான் சாமிகிட்டதான் பேச வந்திருக்கேன். நீங்க செத்த இருங்கண்ணே."

அப்பாவுக்கு நேரே போய் நின்றாள். புருசனை ஒருநாளும் 'நீ' என்று சொல்லாதவள் அன்றைக்குச் சொன்னாள், எதிரில் நின்றது சாமியாயிற்றே.

"அய்யா முனியாண்டி, ஒனக்குப் பொக வேணும்னா நான் தர்றேன். தெனமும் தர்றேன். மழையானாலும் பனியானாலும் இந்தக் கல்லுல கொண்டாந்து வச்சுத் தர்றேன். நீ தெய்வம், ஒனக்கு நெஞ்சு அடைக்காது. இது மனுசன் நெஞ்சு, தாங்காது. எனக்கு இருக்கறது ஒரே ஒரு ஆளு. இந்த வாய் வழியா நீ இனிமே பொக குடிக்கக் கூடாது. சுருட்டும் கூடாது, சிகரெட்டும் கூடாது. சரின்னு சொல்லு."

அப்பா ஆடிக்கொண்டே அவளைப் பார்த்தார். அவர் கண் அவள் முதுகுப் பக்கமிருந்து எழும்புகிற புகையைத் தொடர்ந்து போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. உடுக்கையை அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பூசாரி கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சரின்னு சொல்லுய்யா," என்றாள் அம்மா, இந்த முறை குரல் உடைந்து.

அப்பா வாயிலிருந்து மறுபடியும் ஒரே ஒரு சொல் வந்தது. "சரி."

அப்படியே அப்பா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அம்மா சுருட்டைக் கல்லின் மேல் வைத்தாள். திரும்பி வந்து தன் சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

அவள் கெட்டிக்காரத்தனம் மறுநாள்தான் வெளியில் தெரிந்தது. சாமி கொடுத்த வாக்கை யாரால் மீற முடியும்? அப்பாவுக்கு ஒருவரும் சிகரெட் கொடுக்கவில்லை. நெருப்புக் குச்சிகூடத் தரமாட்டேன் என்றார்கள். கடைக்கார நானா வேறு மார்க்கத்துக்காரர், அவருக்கு நம் முனியோடு வழக்கில்லை. அவரும் "வேணாம் தம்பி, ஒங்க சாமி சொன்னது எனக்கும் காதுல விழுந்துருச்சு," என்று டப்பாவை மூடிவிட்டார். அப்பா ஒரு தடவை லோரி பிடித்து ரிங்லெட் டவுன் வரைக்கும் போனார். அங்கேயும் நம் தோட்டத்து ஆள் ஒருவர் கடையில் நின்றார். பன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

கை நடுக்கம் கொஞ்ச நாள் இருந்தது. யாரும் உடுக்கை அடிக்கவில்லை, அதனால் அது வெறும் நடுக்கமாகவே இருந்து தணிந்தது. விரல் சும்மா இருக்காது அவருக்கு. வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியைச் சிகரெட் அளவுக்கு நறுக்கி விரலிடுக்கில் வைத்துக்கொள்வார், வாயில் வைத்துக்கொள்வார். பிறகு பசி வந்தது. என் பங்கு வடையையும் சேர்த்துத் தின்றார். பிறகு ஒரு நாள் மூச்சு வாங்க வளைவில் நிற்காமல் மேல் மலை வரைக்கும் ஏறிப்போனார். சாயங்காலம் வந்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா காதில் விழாதவள் மாதிரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், முகம் முழுக்கச் சிரிப்பு.

அம்மா தன் வாக்கையும் காப்பாற்றினாள். தினமும் ஒரு சிகரெட் வாங்கிக்கொண்டு போய்க் கல்லில் வைத்தாள். தோட்டத்துக்குப் புதிதாக வந்த கிராணி, இந்தப் பொம்பளை சிகரெட் குடிக்கிறாள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது, அதுதான் உங்களுக்குத் தெரியாதது. சிகரெட் இழுக்காமல் பற்றாது அல்லவா. ஓர் இழுப்பு மனிதனுக்கு என்பது அம்மாவுக்கும் சேர்த்துத்தான். முதலில் இருமினாள், கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்ச நாளில் இருமல் நின்றது. ஒரு விடுமுறை நாள் நான் கூடப் போனேன். ஓர் இழுப்பு இழுத்தாள். இரண்டாவதும் இழுத்தாள். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, கல்லில் வைத்துவிட்டாள்.

"நல்லாத்தாண்டி இருக்கு," என்றாள். "அதான் பயமா இருக்கு. காலைல எந்திரிச்சா மொத நெனப்பே இங்க வர்றதுதான். பக்தின்னு நெனச்சேன்."

மறுநாளிலிருந்து ஊதுபத்தி. முனியிடம் நேராகவே சொல்லிவிட்டாள், புகை புகைதான், வாசனையாக வாங்கிக்கொள் என்று. முனி ஒன்றும் செய்யவில்லை. கொஞ்ச காலத்தில் மற்ற வீட்டுப் பெண்களும் தங்கள் புருசன்மார் கையில் ஊதுபத்தியைத் திணித்து அனுப்ப ஆரம்பித்தார்கள்.

பாய்மரக் கப்பல் டின் லயத்தை விட்டு வந்தபோது எங்கோ போய்விட்டது. கடைசி வரைக்கும் அதில் வைத்த வளையலில் புகையிலை வாசனை வந்துகொண்டிருந்தது.

அம்மா போய் வெகுகாலம் கழித்து, அப்பாவுக்கு வயதாகி, ஒரு சளி விடாமல் இழுத்தபோது தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். முடிவுக்காக உட்கார்ந்திருந்த பெஞ்சில் எனக்குப் பழைய பலகைச் சுவர்ச் சத்தமெல்லாம் காதில் கேட்டது. கூப்பிட்ட டாக்டர் சின்னப் பெண். படத்தை வெளிச்சத்தில் காட்டி, வெறும் சளிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றாள். சிகரெட் குடிப்பீர்களா என்று அப்பாவிடம் கேட்டாள்.

"நான் விட்டுட்டேன். எஞ்சாமிதான் கொஞ்ச நாளு குடிச்சாரு," என்றார். அவளுக்குப் புரியவில்லை. நான் சிரித்த சிரிப்பில் வெளியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கெரெட்டாவை ஓட்டிக்கொண்டு திரும்பி வரும்போது, தேயிலைச் சரிவு தெரிகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். அந்தக் கேள்வியை அன்றைக்குத்தான் நான் கேட்டேன். அம்மா இருந்தவரை கேட்கத் துணிச்சல் வரவில்லை.

"அப்பா, நெசமாச் சொல்லுங்க. ஒங்களுக்கு வந்தது சாமிதானா?"

அப்பா சரிவின் பச்சையைப் பார்த்தார். விரலிடுக்கு காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் இரண்டு விரலும் ஒன்றை ஒன்று தேடின.

"ஆடுனது யாரு, சுருட்டு கேட்டது யாருன்னு சத்தியமா எனக்கு இன்னைக்கும் தெரியல பாப்பா," என்றார். "ஆனா ஒங்கம்மா அழுதுக்கிட்டே கேட்டப்ப, சரின்னு சொன்னது நான்தான்."